டிரக்கைக் கொடுத்துவிட்டு ஆஃப்-ரோடு எஸ்.யு.வி. வாங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

முழுசைஸ் பிக்கப் டிரக்கை விற்றுவிட்டு, மலைப்பாதைக்கும் மணலுக்கும் ஏற்ற எஸ்.யு.வி.க்கு மாற நினைக்கும் அமெரிக்க வாசகர்களின் கேள்விகளை மட்டும் இந்த மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பவுண்டு, அங்குலம், கேலன் எல்லாவற்றையும் அப்படியே விட்டிருக்கிறோம். உங்கள் வண்டிக் கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருப்பவை அந்த அளவுகள்தான்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஃபோர்டு எஃப்-150, நான்கு கதவு, ஐந்தரை அடி பெட் (பின்னால் சாமான் ஏற்றும் திறந்த பகுதி), ஃபோர் வீல் டிரைவ். கோடையில் கொலராடோவின் யூரே, சில்வர்டன் பக்கம் போகும்போது பாறைப் படிகளில் வண்டியின் வயிறு தட்டுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் எடுத்துத்தான் திரும்ப முடிகிறது. டிரக்கை உயர்த்திக் கட்டினால் போதுமா, ஜீப் ராங்ளர் மாதிரி வண்டிக்கே மாற வேண்டுமா? – பிளேனோ, டெக்சாஸ்

பதில்: வயிறு தட்டுவதற்குக் காரணம் உயரக் குறைவு மட்டுமில்லை, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள நீளமும்தான். உங்கள் டிரக்கின் வீல்பேஸ் சுமார் 145 அங்குலம். நான்கு கதவு ராங்ளருக்கு 118.4. 2024 வரை வந்த ஐந்தாம் தலைமுறை டொயோட்டா 4ரன்னருக்கு 109.8. ஒரு மேட்டில் முன் சக்கரம் ஏறி இறங்கியதும் வண்டி அந்த மேட்டின் மேல் பாலம் மாதிரி நிற்கிறது. பாலம் நீளமாக இருந்தால் நடுப்பகுதி தட்டும்.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ராங்ளர் ரூபிகானின் தரை இடைவெளி 10.8 அங்குலம். அதை வீல்பேஸால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் உங்கள் டிரக்குக்கும் வர வேண்டுமென்றால் 13 அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டும். இப்போது இருப்பது சுமார் 9. அதாவது நான்கு அங்குலம் உயர்த்த வேண்டும். முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள டிரக்கை அவ்வளவு உயர்த்தினால் ஆக்சில் ஷாஃப்ட் சாய்ந்து, அதன் ஜாயிண்டும் அதை மூடும் ரப்பர் உறையும் சீக்கிரம் தேயும், எடைமையம் மேலேறும், பக்கவாட்டுச் சரிவில் பயம் கூடும். அத்தனை செலவுக்குப் பிறகும் வளைவில் திரும்பும் சிரமம் அப்படியேதான் இருக்கும். எஃப்-150 முழுவட்டம் அடிக்க 47, 48 அடி கேட்கும், 4ரன்னருக்கு 37.4 அடி போதும். டெலுரைடுக்கு மேலே பிளாக் பேர் பாஸின் வளைவுகளை நினைத்துக்கொண்டால் இந்தப் பத்தடி என்னவென்று புரியும்.

அகலமும் கணக்கில் வரும். கண்ணாடிகளைச் சேர்க்காமலே உங்கள் டிரக் 79.9 அங்குலம், 4ரன்னர் சுமார் 76. ஒரு பக்கம் பாறைச்சுவர், மறு பக்கம் பள்ளம் என்று போகும் ஷெல்ஃப் ரோட்டில் எதிரே வண்டி வந்தால், மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது வழக்கம். அப்போது பின்னோக்கிப் போய் ஒதுங்குவது நீங்களாகவும் இருக்கலாம். நான்கு அங்குலமும் மூன்றடி நீளமும் குறைவாக இருந்தால் கை நடுங்காமல் செய்யலாம்.

மாறுவதென்று முடிவெடுத்தால் பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். லோ ரேஞ்சில் (4எல் என்று குறித்திருக்கும் மெதுவேக நிலை) முதல் கியரில் எஞ்சின் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்பதைக் கிரால் ரேஷியோ என்கிறோம். முதல் கியர், டிரான்ஸ்பர் கேஸின் (விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) லோ, ஆக்சில் கியர் மூன்றையும் பெருக்கினால் வந்துவிடும். ஆட்டோமேட்டிக் ரூபிகானுக்கு 4.71, 4.0, 4.10: பெருக்கினால் 77. பத்து கியர் எஃப்-150க்கு, ஆக்சில் 3.55 என்றால், 44. ஐந்து கியர் பழைய 4ரன்னருக்கு 33.7தான். 4ரன்னர் நம்பகமான வண்டி, பாதையில் நன்றாகவே போகும். ஆனால் செங்குத்தான இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங் உங்கள் டிரக்கில் இருந்ததைவிடக் குறைவாகத் தெரியும். 'ஆஃப்-ரோடு வண்டி வாங்கினேன், ஏன் டிரக்கைவிட வேகமாக உருள்கிறது' என்று முதல் இறக்கத்தில் திகைப்பவர்கள் உண்டு. இறங்கத் தொடங்கும் முன்பே 4எல், முதல் கியர். பாதி இறங்கிய பிறகு மாற்ற முயலக் கூடாது.

கேள்வி: எங்கள் டிராவல் டிரெய்லர் காலியாக 5,200 பவுண்டு, சாமான் ஏற்றினால் 6,200 ஆகிறது. டிரக் சிரமமில்லாமல் இழுக்கிறது. புதிய லேண்ட் குரூசர் 6,000 பவுண்டு இழுக்கும் என்கிறார்கள். 200 பவுண்டு சாமானைக் குறைத்துக்கொண்டால் சரிதானே? – ஃபோர்ட் வொர்த், டெக்சாஸ்

பதில்: சரியில்லை. 200 பவுண்டு குறைத்தாலும் சரியில்லை.

இழுவைத் திறனுக்கு முன்னால் தீர்ந்துபோவது பேலோடு, அதாவது வண்டி தன் மேல் தாங்கும் எடை. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம், டிரெய்லரை மாட்டும் ஹிட்ச்சின் மேல் இறங்கும். டிராவல் டிரெய்லருக்கு 12, 13 சதவீதம் இருந்தால்தான் அலையாமல் வரும். 6,000 பவுண்டுக்கு அது 750 பவுண்டு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் டயர் பிரஷர் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அந்த வண்டிக்கே உரிய எண் அதில் இருக்கும். அது 1,150 என்று வைத்துக்கொள்வோம். 750 போக மிச்சம் 400. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் ஏறினாலே அது தாண்டிவிடும். கூலர், ஸ்டவ், ரூஃப் ராக் எதையும் இன்னும் எண்ணவேயில்லை.

டிரக்கில் இந்தக் கணக்கைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள், பார்க்கும் தேவையும் வந்திருக்காது. எஃப்-150 ஸ்டிக்கர் பெரும்பாலும் 1,500க்கு மேல் இருக்கும். விளம்பரத்தில் வரும் இழுவை எண், எஸ்.ஏ.ஈ. ஜே2807 என்ற சோதனை முறைப்படி, தலா 150 பவுண்டு எடையுள்ள இரண்டு பேர் மட்டும் உள்ளே இருப்பதாக வைத்துப் போடப்படுவது. மூன்றாவது ஆள் ஏறியதும் அந்த எண் இறங்கத் தொடங்கும்.

இதோடு காற்று வேறு. டிராவல் டிரெய்லரின் முன்சுவர் உயரமும் அகலமுமானது. வீல்பேஸ் குறைந்த வண்டிக்குப் பின்னால் அது வந்தால், பக்கத்தில் லாரி கடக்கும்போது வால் நாயை ஆட்டும் கதைதான். அப்படி ஆடத் தொடங்கினால் வண்டியின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, பிரேக் கன்ட்ரோலரின் கைநெம்பை மெதுவாக அழுத்தி டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். உங்கள் டிரக்கில் அந்தக் கன்ட்ரோலர் டேஷ்போர்டிலேயே இருந்திருக்கும். பல எஸ்.யு.வி.களில் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும்.

உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. டிரக்கை வைத்துக்கொள்வது ஒன்று. டிரெய்லரை விற்றுவிட்டு 2,500 பவுண்டுக்குள் வரும், டியர்டிராப் என்ற சின்ன டிரெய்லர் வகைக்கு மாறுவது இன்னொன்று. அப்போது நான்கு கதவு ராங்ளரின் 3,500 பவுண்டுகூடப் போதும். மூன்றாவது, டாஹோ, எக்ஸ்பெடிஷன் போன்ற பெரிய எஸ்.யு.வி. அவை 8,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் அமைப்பில் கிடைக்கின்றன. ஆனால் டாஹோவின் வீல்பேஸ் 120.9 அங்குலம், உடலும் டிரக் அளவு அகலம். சரளைச் சாலைக்கும் காட்டுப்பாதைக்கும் சரி, பாறைக்கு இல்லை. எங்களைக் கேட்டால் இரண்டாவதைச் சொல்வோம். வருஷத்தில் எத்தனை இரவு அந்த டிரெய்லரில் தூங்குகிறீர்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: சின்ன வண்டிக்கு மாறினால் பெட்ரோல் மிச்சமாகுமா? – சான் ஹோசே

பதில்: அதை நம்பி மாறாதீர்கள். 2021 எஃப்-150, 2.7 லிட்டர் டர்போ, ஃபோர் வீல் டிரைவ்: கலவையாக கேலனுக்கு 21 மைல் என்பது அரசு மதிப்பீடு. ஐந்தாம் தலைமுறை 4ரன்னருக்கு 17. ரூபிகானுக்கு 20ஐ ஒட்டி. செங்குத்துக் கண்ணாடி, அகல டயர், கனமான ஆக்சில் எல்லாம் காற்றோடும் தரையோடும் சண்டை போடுகின்றன. 4ரன்னரின் எடையும் சுமார் 4,700 பவுண்டு. டிரக்கோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமில்லை. புதிய லேண்ட் குரூசர் ஹைபிரிட்தான் 23 தருகிறது. அதிலும் ரூஃப் ராக்கும் கூடாரமும் ஏற்றினால் நெடுஞ்சாலையில் இறங்கிவிடும்.

கேள்வி: டிரக்கில் 4ஏ என்று ஒரு நிலை இருந்தது, பனி விழ ஆரம்பித்ததும் அதில் போட்டுவிட்டு வசந்தம் வரை மறந்துவிடுவேன். பார்த்து வைத்திருக்கும் 4ரன்னர் டி.ஆர்.டி. ஆஃப்-ரோடில் 2எச் (பின் சக்கரங்களுக்கு மட்டும் விசை), 4எச், 4எல் மட்டும்தான் உள்ளது. 4எச்சில் அதே மாதிரி விட்டுவிடலாமா? – டென்வர்

பதில்: விடக் கூடாது. உங்கள் டிரக்கின் 4ஏ, டிரான்ஸ்பர் கேஸுக்குள் இருக்கும் கிளட்ச் தேவைக்கேற்ப முன் சக்கரங்களுக்கு விசையை அனுப்பும் ஏற்பாடு. நீங்கள் சொல்லும் 4ரன்னரில் இருப்பது பார்ட்-டைம். 4எச் போட்டதும் முன், பின் ஷாஃப்ட்கள் இரண்டும் இரும்பாகப் பிணைந்து ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். பனியிலும் சரளையிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை. முறுக்கு முழுவதும் கியர்களிலும் ஷாஃப்டிலும் தேங்கும்.

காலியான பார்க்கிங்கில் ஒருமுறை உணர்ந்து பார்த்தால் மறக்காது. ஈரமான புல்லிலோ சரளையிலோ 4எச் போட்டு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திரும்புங்கள், எதுவும் தெரியாது. தாரின் ஓரத்துக்கு வந்ததும் வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் தடுக்கும், டயர் 'கிரிச்' என்று தாவும். அங்கேயே நிறுத்தி 2எச்சுக்கு மாற்றுங்கள். மாறாமல் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால், முறுக்கு இன்னும் விடுபடவில்லை என்று பொருள். நேராகச் சில அடி பின்னோக்கிப் போனால் விட்டுவிடும்.

டென்வரில் சாலை பாதி பனி, பாதி காய்ந்த தார் என்று மாறி மாறி வரும். அந்த ஊருக்கு முழுநேர ஃபோர் வீல் டிரைவ் உள்ளதே வசதி. பழைய 4ரன்னரிலேயே லிமிடெட் வகையில் அது உண்டு. புதிய லேண்ட் குரூசரிலும் உண்டு. இரண்டிலும், முன், பின் ஷாஃப்ட்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி இருக்கிறது. இன்னொன்று: ஐ-70இல் டாட்செரோ முதல் மாரிசன் வரை செப்டம்பர் 1இலிருந்து மே 31 வரை டிராக்ஷன் விதி நடப்பில் இருக்கும். ஃபோர் வீல் டிரைவ் இருந்தாலும் டயரின் பள்ளம் 3/16 அங்குலம் இருந்தாக வேண்டும். பழைய வண்டி வாங்குபவர்கள் இதை அளந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

கேள்வி: தோட்ட வேலைக்கு மல்ச் (செடியடியில் பரப்பும் மரச்சீவல்), உரம், பிளைவுட், புல்வெட்டும் மெஷினுக்குப் பெட்ரோல் என்று எல்லாமே டிரக்கில்தான் வரும். எஸ்.யு.வி. வாங்கினால் பின் சீட்டை மடக்கி இதையெல்லாம் ஏற்ற முடியுமா? – ராலே, வட கரோலினா

பதில்: சிலது முடியும், சிலதை ஏற்றவே கூடாது. கூடாததை முதலில் சொல்கிறோம்.

பெட்ரோல் கேன் வண்டிக்குள் வரக் கூடாது. காலிக் கேனும் கூடாது. மிச்சமிருக்கும் ஆவியே போதும். டிரக் பெட்டில் காற்றோடு போய்விடும் அந்த ஆவி, மூடிய வண்டிக்குள் உங்கள் மூச்சுக்குள் போகும், தீப்பொறிக்கும் காத்திருக்கும். பார்பிக்யூவுக்கான புரொபேன் சிலிண்டருக்கும் இதே எச்சரிக்கை. கேனை வெளியே, பின்பக்க ஹிட்ச் கேரியரிலோ டிரெய்லரிலோ வைத்துக் கொண்டுபோங்கள். நிரப்பும்போது கட்டாயம் தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள்; பிளாஸ்டிக் லைனர் போட்ட பெட்டில் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரம் கேனில் தேங்கித் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. டிரக் வைத்திருந்தபோதும் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

பிளைவுட் 4 அடிக்கு 8 அடி. டிரக்கின் சக்கர வளைவுகளுக்கு நடுவில் 50 அங்குலம் இருந்தது, டெயில்கேட்டைத் திறந்துவிட்டால் தட்டையாகப் படுத்தது. ராங்ளரிலும் 4ரன்னரிலும் முழுப் பலகை படுக்காது. கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். 4ரன்னரின் பின்கண்ணாடி இறங்கும் என்பதால் நீளமான மரச்சட்டத்தை வெளியே நீட்டிக் கொண்டுவரலாம் என்று பலர் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் முன் ஜன்னல்களைத் திறந்து, ஏ.சி. ஃபேனை வெளிக்காற்றில் வையுங்கள். பின்கண்ணாடி மட்டும் திறந்திருந்தால் ஓடும் வண்டியின் பின்னால் சுழலும் காற்று, சைலன்சர் புகையை உள்ளே இழுத்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

மல்ச்சைப் பொறுத்தவரை இடத்தைவிட எடைதான் சிக்கல். ஒரு கன கெஜம் என்பது 27 கன அடி. 2 கன அடிப் பைகளாக வாங்கினால் பதின்மூன்று பதினான்கு பை. மழையில் நனைந்த மல்ச் ஒரு கன கெஜம் ஆயிரம் பவுண்டை நெருங்கும். ரூபிகானின் மொத்தப் பேலோடே ஆயிரத்தை ஒட்டித்தான். எடை பிடிபடவில்லை என்றால் இந்திய மளிகைக் கடையில் வாங்கும் 20 பவுண்டு அரிசிப் பையை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்: ஆயிரம் பவுண்டு என்பது அப்படி ஐம்பது பை.

நீங்கள் சொல்லும் வேலைகளுக்கு எங்கள் பதில் ஒரு சின்ன யூட்டிலிட்டி டிரெய்லர். 5 அடிக்கு 8 அடி, ஒற்றை ஆக்சில், சுமையோடு 2,000 முதல் 3,000 பவுண்டு. பிளைவுட் படுக்கும், மல்ச் கொட்டலாம், பெட்ரோல் கேன் வெளியே போகும். வேலை இல்லாத நாளில் கொல்லையில் நிற்கும். உங்கள் டிரக்கிலிருந்த ஹிட்ச் துளை இரண்டு அங்குலம் என்றால் பால் மவுண்ட்டை (இழுவைப் பந்து பூட்டிய கட்டை) கழற்றிப் புதியதில் போடலாம், ஆனால் உயரத்தை அளந்துவிட்டுப் போடுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, ரிசீவர் துளையின் உள்மேல் விளிம்பு தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று பாருங்கள். டிரெய்லரைச் சமமாக நிறுத்தி அதன் கப்ளர் (பந்தைக் கவ்வும் முனை) எத்தனை அங்குலம் என்று பாருங்கள். முதலாவது 22, இரண்டாவது 18 என்றால் 4 அங்குலம் இறங்கும் பால் மவுண்ட் வேண்டும். மூக்கு தூக்கி நிற்கும் டிரெய்லரில் சுமை பின்னால் சரிந்து, ஹிட்ச்சில் எடை குறைந்து, அலையத் தொடங்கும்.

வண்டிக்குள் ஏற்றும் மற்ற சாமான்களைத் தரைக் கொக்கிகளில் பட்டையால் கட்டுங்கள். டிரக்கில் பெட்டுக்கும் தலைக்கும் நடுவில் ஒரு இரும்புச் சுவர் இருந்தது. இங்கே கட்டாத உரமூட்டை, திடீர் பிரேக்கில் நேராகப் பின்சீட்டுக்குத்தான் வரும்.

கேள்வி: மூன்று குழந்தைகள், இரண்டு பேருக்குக் கார் சீட், ஒருவனுக்குப் பூஸ்டர். டிரக்கின் பின்சீட்டில் தாராளம். எஸ்.யு.வி.யில்? – நேப்பர்வில், இல்லினாய்

பதில்: இங்கே டிரக்தான் ஜெயிக்கும். பின்சீட்டுக் கால்வெளி எஃப்-150இல் 43.6 அங்குலம், நான்கு கதவு ராங்ளரில் 38.3, ஐந்தாம் தலைமுறை 4ரன்னரில் 32.9. பின்னோக்கி வைக்கும் சீட்டைப் பூட்டினால் 4ரன்னரில் முன்சீட்டுக்காரரின் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கலாம். ராங்ளரில் மூன்று சீட் வரிசையாக உட்காருவது கஷ்டம். உங்கள் சீட்டுகளையே கடைக்கு எடுத்துப் போய்ப் பூட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கீழ்க் கொக்கி முறையில் பூட்டுவதற்குப் பொதுவான வரம்பு, குழந்தையும் சீட்டும் சேர்ந்து 65 பவுண்டு. அதற்கு மேல் சீட் பெல்ட்டால் பூட்டி, மேல்பட்டையையும் மாட்டுங்கள்.

கேள்வி: டிரக்கில் 20 அங்குல வீல், எங்கே போனாலும் 35 பி.எஸ்.ஐ. காற்றுதான். எஸ்.யு.வி. எடுத்த பிறகு மணலுக்குப் போகும்போது காற்றை இறக்கு என்கிறார்கள். எவ்வளவு? சிக்கிக்கொண்டால் எதில் கட்டி இழுப்பது? – ஃபீனிக்ஸ்

பதில்: டிரக்கில் நிறையப் பேர் போடும் 275/60 ஆர்20 டயரும் ரூபிகானின் 285/70 ஆர்17 டயரும் உயரத்தில் ஏறக்குறைய ஒன்று, 33 அங்குலம். ஆனால் முதலாவதின் பக்கச்சுவர் ஆறரை அங்குலம், இரண்டாவதில் ஏழே முக்காலுக்கு மேல். காற்றை இறக்கும்போது வேலை செய்வது இந்தப் பக்கச்சுவர்தான். டயர் தரையில் நீளவாக்கில் படர்கிறது, கல்லைச் சுற்றிக் குழைகிறது, ரிம் தட்டாமல் காக்கிறது.

பாறைப்பாதைக்கும் குலுங்கும் சரளைக்கும் 18 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும். ஆழமான மணலுக்கு 15. சிக்கியே விட்டால் 12 வரை இறக்கி வெளியே வரலாம். அதற்குக் கீழே, பீட்லாக் (டயர் விளிம்பை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) இல்லாத ரிம்மில், பக்கவாட்டு விசையில் டயர் ரிம்மைவிட்டு நழுவிவிடும். காற்று குறைந்த டயரோடு மணிக்கு 15, 20 மைல் வேகத்துக்கு மேல் போகாதீர்கள், சடாரென்று ஒடிக்காதீர்கள். தார் ரோடு ஏறும் முன் கம்ப்ரஸரால் முழுக் காற்றும் ஏற்றியாக வேண்டும். குறைந்த காற்றில் நெடுஞ்சாலை வேகம் போனால் பக்கச்சுவர் சூடாகி வெடிக்கும். ஆகவே கம்ப்ரஸர் வாங்காமல் காற்றிறக்கி மட்டும் வாங்குவதில் பயனில்லை. கம்ப்ரஸரைச் சிகரெட் சாக்கெட்டில் செருகாமல் பேட்டரியில் நேராகக் கவ்வ வைக்கும் வகையாகப் பாருங்கள். பெரிய டயருக்குச் சாக்கெட்டின் ஃப்யூஸ் தாங்காது.

இழுப்பது பற்றி ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். டிரெய்லர் இழுக்கும் பந்தில் கயிற்றை மாட்டி இழுக்கவே கூடாது. டிரக் வைத்திருந்தவர்களின் கை தானாக அங்கேதான் போகும். அந்தப் பந்து டிரெய்லரின் சீரான இழுவைக்காகச் செய்தது, உலுக்கி இழுக்கும் அதிர்ச்சிக்காக இல்லை. கழுத்தில் முறிந்தால் கயிற்றின் விசையோடு அந்த இரும்புக் குண்டு கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும். இப்படி உயிர் போயிருக்கிறது. பந்தை மவுண்ட்டோடு உருவி எடுத்துவிட்டு, ரிசீவர் துளைக்கென்றே விற்கும் ஷாக்கிள் மவுண்ட்டை (கயிறு மாட்டும் இரும்பு வளையம் உள்ள கட்டை) செருகி, அதைப் பூட்டும் பின்னையும் (pin) போடுங்கள். அது இல்லையென்றால் ஸ்டிராப்பின் கண்ணைத் துளைக்குள் நுழைத்துப் பின்னை அதன் வழியே போடலாம். முன்பக்கம் ஃபிரேமில் பூட்டிய கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். கயிறு நீளும் தன்மையுள்ள கைனடிக் வகை, 7/8 அங்குலம், இரும்புக் கொக்கி இல்லாதது. இழுக்கும் முன் சிக்கிய சக்கரங்களின் முன்னால் உள்ள மணலை மண்வெட்டியால் அள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை, தேவைப்படும் இழுவிசை நன்றாகக் குறையும். மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரம் தள்ளி நிற்க வேண்டும்.

கேள்வி: பழைய ராங்ளர் ஒன்று பார்த்தேன், மூன்று அங்குலம் உயர்த்தி 35 அங்குல டயர் போட்டிருக்கிறார்கள். ஓட்டிப் பார்த்தபோது 50 மைல் வேகத்தில் ஒரு பாலத்தின் இணைப்பில் ஏறியதும் ஸ்டியரிங் பயங்கரமாக உதறியது. 'புது டேம்பர் போட்டால் சரியாகிவிடும்' என்கிறார் விற்பவர். – கொலம்பஸ், ஒஹையோ

பதில்: டெத் வாபிள் என்று பெயர். முன்பக்கம் ஒரே தடியான சாலிட் ஆக்சில் உள்ள வண்டிகளுக்கு உரியது, எஃப்-150 மாதிரி டிரக்கிலிருந்து வருபவர்கள் கண்டிருக்க மாட்டார்கள். ஓர் அதிர்ச்சி ஆக்சிலை உதறவைக்க, எங்கோ உள்ள தளர்ச்சி அந்த உதறலை அடங்க விடாமல் ஊட்டி வளர்க்கிறது. ஓட்டும்போது வந்தால் வேகத்தைச் சீராகக் குறையுங்கள், ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாதீர்கள்.

டேம்பர் உதறலை அமுக்கும், காரணத்தை நீக்காது. 2018இல் வந்த ஜே.எல். தலைமுறையின் ஆரம்ப வண்டிகளுக்கு 2019இல் நிறுவனமே மேம்பட்ட டேம்பரை மாற்றிக் கொடுத்தது உண்மை. ஆனால் உயர்த்திக் கட்டிய பழைய வண்டியில் அதை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் மறுபடி வரும்.

மெக்கானிக்கிடம் இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் டயர் காற்றும் பேலன்ஸும். பிறகு எஞ்சின் ஓட, சக்கரம் தரையிலேயே இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னதாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து டிராக் பாரின் (ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) இரண்டு முனைகளையும் பார்க்க வேண்டும். போல்ட் துளைக்குள் துளிகூட நகரக் கூடாது. நகர்ந்தால் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும், டார்க் ரெஞ்ச்சால் இறுக்கினாலும் நிற்காது, பிராக்கெட்டே மாற வேண்டும். அடுத்து முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்ட் தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் முனைகள் தெரியும். எல்லாம் இறுக்கமாக இருந்தும் உதறினால் காரணம் காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. உயர்த்தும்போது ஆக்சில் சற்றே முன்னோக்கி உருண்டு காஸ்டர் குறையும். நீளம் மாற்றக்கூடிய கன்ட்ரோல் ஆர்ம் போட்டு அதைத் திருத்தியிருக்க வேண்டும். மலிவான லிஃப்ட் கிட்களில் ஸ்பிரிங் இருக்கும், இந்த ஆர்ம் இருக்காது.

ஒஹையோ என்பதால் இன்னொன்று. குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடும் மாநிலம் அது. சுத்தியலின் பின்முனையால் ஃபிரேமைப் பின்சக்கரத்துக்கு அருகில், உட்பக்கமாகத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் இரும்பு. மந்தமாகச் சத்தம் வந்து செதில் உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். டிஃபரன்ஷியல் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். எண்ணெய் மோர்க் குழம்பு மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அந்த வண்டி ஆற்றில் இறங்கி வந்தது. 4எல் விழுகிறதா என்று பார்க்க, 2, 3 மைல் வேகத்தில் உருளவிட்டு, நியூட்ரலில் போட்டு, நெம்புகோலைத் தயங்காமல் இழுக்க வேண்டும். முழுக்க நிறுத்திவிட்டு இழுத்தால் பல்லோடு பல் முட்டி விழாமல் போகலாம், அது பழுதில்லை.

கேள்வி: டிரக்கை டீலரிடமே கொடுத்து மாற்றுவதா, தனியாக விற்பதா? டீலர் 30,000 டாலர் தருகிறார். – ஹூஸ்டன்

பதில்: டெக்சாஸில் வண்டி விற்பனை வரி 6.25 சதவீதம். பழைய வண்டியை டீலரிடம் கொடுத்தால் அதன் விலையைக் கழித்த மிச்சத்துக்குத்தான் வரி. 30,000க்கு 1,875 டாலர் மிச்சம். ஆகவே தனியாக விற்றால் 31,875க்கு மேல் கிடைக்க வேண்டும். விளம்பரம், ஓட்டிப் பார்க்க வருபவர்கள், பணம் கைமாறும் கவலை எல்லாம் சேர்த்தால் 33,000 கிடைத்தால் மட்டும் தனியாக விற்கலாம் என்பது எங்கள் கருத்து. கலிஃபோர்னியாவில் இந்தக் கழிவு கிடையாது, முழு விலைக்கும் வரி. அங்குள்ளவர்கள் தனியாக விற்பதையே முதலில் பாருங்கள். எங்கே விற்றாலும் ரிசீவரிலிருந்து பால் மவுண்ட்டையும், பெட்டில் பூட்டிய டூல் பாக்ஸையும் முன்னாடியே கழற்றி எடுத்துவிடுங்கள். டீலர் அவற்றுக்குத் தனியாக விலை போடுவதில்லை.